கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை பஸ் நிலையத்திலே இறங்குகிறவனுடைய கால் தரையிலே பட்டால் அதிசயம். கூட்டமே அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் கிரிவலப் பாதையிலே விட்டுவிடும். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்க வந்தவர்கள் ஒரு பக்கம். அவர்களை நம்பிச் சுண்டல் விற்க வந்தவர்கள், செருப்புக்குக் காவல் இருப்பவர்கள், இளநீர் வண்டிக்காரர்கள் இன்னொரு பக்கம். 217 அடி ராஜகோபுரம் இரு சாராரையும் ஒரே பார்வையாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அந்த இரவிலேதான், மார்க்கெட்டிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவரும் நாமும் ஓர் ஓட்டலிலே சாப்பிட்டோம். பில் வந்தது. சாப்பாடு 200 ரூபாய். கீழே இரண்டு வரிகள்: மத்திய ஜி.எஸ்.டி. 5 ரூபாய், மாநில ஜி.எஸ்.டி. 5 ரூபாய். ஆகமொத்தம் 210. நாம் பையிலே கையை விடுவதற்குள் தோழர் பணத்தைக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு, பில்லை விளக்கு வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார்.

"ஏண்ணே, இந்தப் பத்து ரூவா செல்லாத வரின்னு நாளைக்கு ஒரு கோர்ட்டுல தீர்ப்பு வந்துட்டா, யாருக்குத் திரும்பி வரும்? எனக்கா, முதலாளிக்கா?"

"செல்லாதுன்னு எவன் சொல்லப் போறான்?" என்றோம்.

"சொல்வாங்கன்னு சொல்லலேண்ணே. சொன்னா யாருக்கு வரும்னு கேக்கறேன்."

நாம் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஏனென்றால், தோழர் கேட்ட இந்த ஒரு கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் உயர்ந்த நீதிமன்றம் ஒரு விடை சொல்லியிருக்கிறது, கனடாவின் நீதிமன்றம் ஒரு விடை சொல்லியிருக்கிறது, நம்முடைய சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிகளை வரிசையாக உட்காரவைத்து வேறொரு விடை சொல்லியிருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒவ்வாத விடைகள்! மூட்டை தூக்கும் முதுகுக்கு மேலே இருக்கிற தலை, எவ்வளவு பெரிய வழக்கை ஓட்டல் மேஜை மீது இறக்கி வைத்துவிட்டது பார்த்தீர்களா?

விஷயம் இதுதான். அடுத்தவன் காசு ஒருவனிடம் வந்து சேர்கிறது. அவன் திருடவில்லை. ஏமாற்றவில்லை. கடனாக வாங்கவும் இல்லை. ஆனாலும் அது அவனுடையதன்று. வைத்துக்கொள்ளலாமா? வக்கீல்கள் இதற்கு நியாயமற்ற ஆதாயம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் அதற்கு முன்பே சூட்டிவிட்டார்கள்: ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! டீக்கடைக்காரர் அவசரத்திலே 100 ரூபாய் நோட்டை 500 என்று எண்ணிப் பாக்கி கொடுத்துவிட்டால், வாங்கியவன் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து நீட்டுகிறான். நீட்டாதவனை ஊர் ஒரு பெயர் சொல்லி அழைக்கிறது. அந்தப் பெயரைப் பத்திரிகையிலே அச்சிட இயலாது.

ரோமாபுரியிலே பொம்போனியுஸ் என்ற சட்ட அறிஞர், ஒருவனுடைய நட்டத்திலே இன்னொருவன் கொழுப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாதது என்று சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். எழுதிவைத்தது அடிமைகளை வைத்துக் கொழுத்த நாட்டிலே! அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1872-ல் வெள்ளைக்காரன் எழுதிய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறதே, அதிலே ஐந்தாவது அத்தியாயம் என்று ஒன்று உண்டு. ஒப்பந்தமே இல்லாத இடத்திலும், ஒப்பந்தம் இருந்தது போலவே கொடுக்க வேண்டிய கடமை எப்போது பிறக்கிறது என்று சொல்லும் அத்தியாயம். அதிலே வரும் உதாரணங்களைப் படித்தால் நம் ஊர்ச் சங்கதி போலவே இருக்கும். கடைக்காரன் ஒருவன் தவறிப்போய் ஒரு வீட்டிலே சரக்கை வைத்துவிட்டுப் போகிறான். வீட்டுக்காரன் அதைத் தன்னுடையது போல எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறான். "நான் கேட்டேனா?" என்று கை விரிக்க முடியாது, விலை கொடுக்க வேண்டும் என்கிறது 70-ஆம் பிரிவு. ரயில்வே கம்பெனிக்காரன், சட்டத்துக்கு மீறிய கூலியைக் கட்டினால்தான் சரக்கை விடுவேன் என்று அடம் பிடிக்கிறான். வியாபாரி வேறு வழியின்றிக் கட்டி எடுத்துப் போகிறான். அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடு என்கிறது 72-ஆம் பிரிவு. வங்காளத்து ஜமீன்தார் கிஸ்தி பாக்கி வைக்கிறான். நிலம் ஏலத்துக்கு வருகிறது. தன் குத்தகை போய்விடுமே என்று பயந்து குத்தகைதாரன் அந்தப் பாக்கியைக் கட்டுகிறான். ஜமீன்தார் அதை அவனுக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது 69-ஆம் பிரிவு.

ஏட்டிலே அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையிலே?

மதராஸ் ஹைகோர்ட்டிலே 1894-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று உண்டு. தாமோதர முதலியாருக்கும் இந்தியா மந்திரிக்கும் நடந்தது. ஏரிப் பாசனத்திலே பிறந்து வளர்ந்த நம் வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த வழக்கை விளக்கவே வேண்டியதில்லை. ஓர் ஏரி. பல ஊர்களின் நஞ்சை அந்த ஒரே ஏரியிலே பாய்கிறது. சில ஊர் ஜமீனைச் சேர்ந்தது, சில ஊர் சர்க்காரைச் சேர்ந்தது. ஏரி பழுதுபட்டது. விட்டால் ஏரியே போய்விடும். சர்க்கார் செலவு செய்து செப்பனிட்டது. தண்ணீர் வந்தது. கரைக்கு அந்தப் பக்கம் சர்க்கார் பூமி, இந்தப் பக்கம் ஜமீன் பூமி என்று தண்ணீருக்குத் தெரியுமா? இரண்டிலும் பாய்ந்தது. செலவிலே உங்கள் பங்கைக் கொடுங்கள் என்று கேட்டது சர்க்கார். வழக்கு கோர்ட்டு ஏறியது.

நாங்கள் செய்யச் சொல்லவில்லை, எழுத்திலே ஒப்பந்தமும் இல்லை என்பதுதான் கொடுக்க மனமில்லாதவன் எந்தக் காலத்திலும் சொல்லும் வாதம். 70-ஆம் பிரிவுக்கு முன்னே அந்த வாதம் நிற்கவில்லை. செய்தது சட்டபூர்வமான காரியமா? ஆம். இனாமாகச் செய்யும் எண்ணத்தோடு செய்ததா? இல்லை. பலனை அனுபவித்தீர்களா? அனுபவித்தீர்கள். அப்படியானால் பங்கைக் கொடுங்கள். இதுதான் தீர்ப்பு. இந்திய சட்டக் கல்லூரிகளிலே இன்றும் மாணவர்கள் இந்த ஏரியிலே முங்கி எழாமல் பரீட்சைக்குப் போவதில்லை.

தீர்ப்பு சரிதான். நாம் மறுக்கவில்லை. ஆனால் நமக்கு ஓர் உறுத்தல். அந்த ஏரிகளின் கரைக்கு மண் சுமந்தவர்கள் யார்? மதகிலே அடைத்த சேற்றை வாரியவர்கள் யார்? வரத்துக்காலிலே இறங்கி முள்ளை வெட்டியவர்கள் யார்? குடிமராமத்து என்ற பெயரிலே தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்த குடியானவன்! அந்த வேலைக்கு வராதவனை வரவழைக்க 1858-லேயே மதராஸ் மாகாணத்திலே ஒரு கட்டாய வேலைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். சர்க்காரின் பணம் ஜமீன் வயலிலே பாய்ந்தால் அதற்கு விலை உண்டு. குடியானவனின் வியர்வை பாய்ந்தால் அதற்குப் பெயர் வழக்கம்! "இனாமாகச் செய்யும் எண்ணமின்றி" என்று 70-ஆம் பிரிவிலே ஒரு சொற்றொடர் இருக்கிறதே, அதுதான் கதவின் தாழ்ப்பாள். ஏழையின் உழைப்பை வழக்கம் என்று சொல்லிவிட்டால் தாழ்ப்பாள் விழுந்துவிடும். ஜமீன் 1948-ம் வருஷச் சட்டத்தோடு போய்விட்டது. தாழ்ப்பாள் போய்விட்டதா என்பதைச் சம்பளமில்லாமல் ஓவர்டைம் பார்க்கும் தோழர்களைக் கேட்டால் தெரியும்.

இதே சமயத்திலே பிரெஞ்சுக்காரன் என்ன செய்தான் என்று பாருங்கள். ஏதோ தூர தேசத்துச் சங்கதி என்று எண்ண வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்திலே புதுச்சேரி. 1954 நவம்பர் 1-ம் தேதி ஆட்சி கைமாறும் வரையில் அங்கே பிரெஞ்சுக்காரனுடைய சிவில் சட்டம்தான் சட்டம். நெப்போலியன் காலத்திலே எழுதிய அந்தச் சட்டத்திலே, நியாயமற்ற ஆதாயத்தைப் பற்றிப் பொதுவான விதி ஒன்றுகூடக் கிடையாது! 1892 ஜூன் 15-ம் தேதி பாரீஸ் நகரத்து மேல் நீதிமன்றத்துக்கு ஓர் உர வியாபாரியின் வழக்கு வந்தது. வியாபாரி குத்தகைக்காரனுக்கு உரம் விற்றான். குத்தகைக்காரன் அதை வயலிலே போட்டான். பயிர் ஏறியது. பணம் கொடுக்கச் சக்தியில்லை. நிலக்காரனுக்கும் பாக்கி. குத்தகை முறிந்தது, வயலிலே நின்ற பயிரைப் பாக்கிக்கு ஈடாக நிலக்காரனே எடுத்துக்கொண்டான். உர வியாபாரி நிலக்காரன் மீது வழக்குப் போட்டான். உனக்கும் எனக்கும் என்ன பேச்சு என்றான் நிலக்காரன். பேச்சு இல்லைதான். ஆனால் என் உரம் உன் களத்துக்கு நெல்லாக வந்திருக்கிறதே! அங்கே கோதுமையாக இருக்கலாம். நாம் நம் ஊர்க் கணக்கிலே சொல்கிறோம். சட்டப் புத்தகத்திலே இடம் காணாத நீதிபதிகள், நியாயம் என்ற ஒன்றையே ஆதாரமாக வைத்து வியாபாரிக்குத் தீர்ப்பளித்தார்கள். அந்த விதியைச் சட்டப் புத்தகத்திலே ஏற்ற அவர்களுக்கு 2016 வரையில் ஆயிற்று.

ஆங்கிலேயன் வழி கோணல் வழி. 1760-ல் மோசஸ் என்பவருக்கும் மக்ஃபர்லன் என்பவருக்கும் நடந்த வழக்கிலே, மான்ஸ்பீல்டு பிரபு என்ற நீதிபதி, நியாயப்படி உன்னுடையதல்லாத பணத்தைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டார். ஆனால் அதைச் சொல்வதற்கு, நீ திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தது போலப் பாவித்துக்கொள்கிறோம் என்று ஒரு நாடகம் போடவேண்டியிருந்தது. கொடுக்காத வாக்கைக் கொடுத்ததாகப் பாவிக்கும் அந்த நாடகத்தை அவர்கள் முழுவதும் கலைக்க இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரையில் பிடித்தது. ஜெர்மானியன் ஒழுங்குக்காரன். 1900-ல் அமுலுக்கு வந்த சிவில் சட்டத்தின் 812-ஆம் பிரிவிலே, சட்டக் காரணமின்றி வந்ததைத் திருப்பிக் கொடு என்று ஒரே வரியிலே எழுதிவிட்டான். ஆனால் நல்லெண்ணத்தோடு வாங்கிச் செலவழித்துவிட்டால், கையிலே ஆதாயம் மிஞ்சியிராவிட்டால், கொடுக்க வேண்டாம் என்றும் 818-ஆம் பிரிவிலே எழுதிவைத்தான். நம் ஊர்க் கடன்காரர்கள் ஜெர்மன் படிக்காதது நல்லதாயிற்று.

இவ்வளவு பேசியும், எல்லா நாட்டுச் சட்டங்களும் ஒன்றுகூடி ஒரு வாசலை மட்டும் அடைத்து வைத்திருக்கின்றன. அதைச் சொல்லாமல் போனால் தோழர்கள் ஏமாந்து போவார்கள். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்துவிட்டால், அதன்படி வந்த பணம் நியாயமற்ற ஆதாயம் ஆகாது. பௌர்ணமியன்று இந்த ஊரிலே அறை வாடகை ஏறும் ஏற்றத்தைப் பாருங்கள். குழந்தை குட்டியோடு வந்தவன், மழை தூறுகிறதே என்று, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் படுக்கிறான். மறுநாள் கோர்ட்டுக்குப் போனால் என்ன சொல்வார்கள்? கேட்டான், கொடுத்தாய், ஒப்பந்தம் முடிந்தது! தவறிப்போய் வந்த 400 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் சட்டம், தெரிந்தே கறந்த 4,000 ரூபாயைக் கண்டுகொள்வதில்லை. வயிற்றுப்பசிக்குக் கையெழுத்துப் போட்டவனுடைய கையெழுத்தும் கையெழுத்துத்தான் அதற்கு.

ஆனால் ஒப்பந்தக் காகிதம் இல்லாதவனுக்கு இந்தச் சட்டம் சில சமயம் கை கொடுத்திருக்கிறது. வங்காளத்திலே 1944-ல் சிவில் சப்ளைஸ் இலாகாவுக்கு மொண்டல் என்ற கம்பெனி கொட்டகை கட்டிக் கொடுத்தது. வேலை முடிந்தது, கொட்டகையை சர்க்கார் பயன்படுத்திக்கொண்டது. பணம் கேட்டபோது, ஆர்டர் கொடுத்த அதிகாரிக்கு ஆர்டர் கொடுக்கும் அதிகாரமே இல்லை, ஒப்பந்தம் செல்லாது என்றது சர்க்கார். 1961 டிசம்பரிலே சுப்ரீம் கோர்ட்டு, நீதிபதி கஜேந்திர கட்கர் வாயிலாக, ஒப்பந்தம் செல்லாவிட்டால் என்ன, கொட்டகை இருக்கிறதல்லவா, அனுபவித்ததற்குக் கொடு என்றது. ஆபீசுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டு, அடித்து முடித்ததும் "ஆர்டர் எங்கே?" என்று கேட்கிற புண்ணியவான்கள் உண்டு. அவர்களிடம் மாட்டிக்கொண்ட மேஸ்திரிகள் 70-ஆம் பிரிவை மறக்க வேண்டாம். இனாமாகச் செய்யவில்லை என்பதைக் காட்ட ஒரு சாட்சி, ஒரு துண்டுச் சீட்டு, ஏதேனும் வைத்திருங்கள். மூன்று ஆண்டு கெடு என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, தோழரின் பத்து ரூபாய்?

இந்தக் கதை காசியிலே தொடங்குகிறது. கன்னையாலால் முகுந்தலால் ஸராப் என்ற வெள்ளி வியாபாரக் கம்பெனி விற்பனை வரி கட்டியது. பிறகு அந்த வகை வியாபாரத்துக்கு வரி போட சர்க்காருக்கு அதிகாரமே இல்லை என்று தீர்ப்பாயிற்று. கட்டியதைத் திருப்பிக் கொடு என்றது கம்பெனி. 72-ஆம் பிரிவிலே தவறு என்றால் சட்டத்தைப் பற்றிய தவறும் தவறுதான், திருப்பிக் கொடு என்று 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நியாயமான தீர்ப்பு. ஆனால் இதைப் படித்ததும் நாட்டிலே பல பெரிய முதலாளிகளுக்குக் கண் விரிந்தது.

கணக்கைப் பாருங்கள். மில் முதலாளி துணியை விற்கிறான். விலையோடு வரியையும் சேர்த்து நம்மிடம் வாங்குகிறான். சர்க்காரிடம் கட்டுகிறான். அதுவரை அவன் கையிலிருந்து தம்பிடி போகவில்லை. அவன் வெறும் வாய்க்கால். பிறகு பெரிய வக்கீலை வைத்து, இந்த வரி செல்லாது என்று வழக்காடுகிறான். ஜெயிக்கிறான். கட்டிய வரியெல்லாம் அவன் கைக்குத் திரும்பி வருகிறது. துணி வாங்கிய நமக்குக் கொடுப்பானா? நாம் யார் என்றே அவனுக்குத் தெரியாதே! ஒரே பணம், இரண்டு முறை. நம்மிடம் ஒரு முறை, சர்க்காரிடம் ஒரு முறை. பாய்ச்சுவதற்காக வெட்டிய வாய்க்கால் தானே தண்ணீரைக் குடித்துவிட்ட விந்தை!

இந்த விந்தையை மற்ற நாடுகளும் கண்டன. ஆஸ்திரேலியாவிலே மாகாண சர்க்கார்கள் புகையிலைக்கு லைசென்ஸ் கட்டணம் என்ற பெயரிலே வரி வாங்கின. 1997-ல் அது செல்லாது என்று ஆயிற்று. அப்போது சில்லரைக் கடைக்காரர்கள் கொடுத்த வரிப்பணம், இன்னும் சர்க்காருக்குக் கட்டப்படாமல் மொத்த வியாபாரக் கம்பெனியின் பெட்டியிலே இருந்தது. யாருக்கு? 2001-ல் அங்குள்ள உயர்ந்த நீதிமன்றம் கடைக்காரர்களுக்கே என்றது. கடைக்காரர்களோ அந்தப் பணத்தைச் சிகரெட் பிடிப்பவனிடம் முன்பே வாங்கியாகிவிட்டது! ஒரே ஒரு நீதிபதி மாறுபட்டு எழுதினார். புகை பிடித்தவனுக்கு இருமல் மட்டும் மிச்சம். கனடாவிலே நைட் கிளப் நடத்திய கம்பெனி செல்லாத வரியைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்டது. அதை வாடிக்கைக்காரர் தலையிலே ஏற்றினாயா என்று கேட்கவே கூடாது, சட்டமில்லாமல் வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று 2007-ல் அங்கே தீர்ப்பு. ஐரோப்பிய நீதிமன்றம் 1983-ல் நடுவிலே நின்றது: வாடிக்கைக்காரர் தலையிலே ஏற்றியிருந்தால் கொடுக்க வேண்டாம்; ஆனால் ஏற்றவில்லை என்று வியாபாரிதான் நிரூபிக்க வேண்டும் என்று பாரத்தை அவன் மீது போடாதே. அமெரிக்கா செய்ததுதான் வேடிக்கை. 1936 ஜனவரியிலே அங்கே விவசாயப் பொருள்களின் மீது போட்ட ஆலை வரி செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு தள்ளியது. வரி போன லாபத்தை ஆலைக்காரர்கள் விழுங்கிவிடுவார்கள் என்று கண்ட சர்க்கார், அதே ஆண்டிலே நியாயமற்ற ஆதாயத்தின் மீது 80 சதவிகித வரி என்று ஒரு புது வரியையே போட்டுவிட்டது! முதலாளித்துவத்தின் தலைநகரத்திலே!

நம் நாட்டிலே? 1977-ல் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்விலே, ஒரு காலத்திலே கேரளத்து மந்திரியாக இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வரி என்று சொல்லி வியாபாரி வாங்கக்கூடாததை வாங்கியிருந்தால் சர்க்கார் பறிமுதல் செய்யலாம் என்ற குஜராத் சட்டம் செல்லும் என்று எழுதினார். 1991-ல் எக்சைஸ் சட்டத்தைத் திருத்தினார்கள்: வரியைத் திருப்பிக் கேட்கிறவன், அதை வேறொருவர் தலையிலே ஏற்றவில்லை என்று நிரூபிக்க வேண்டும். 1996 டிசம்பர் 19-ம் தேதி, மபத்லால் கம்பெனி வழக்கிலே, ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை, நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி வாயிலாக அதை உறுதி செய்தது. நட்டம் உன்னுடையதன்று, ஆகவே பணமும் உன்னுடையதன்று! இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தத் தீர்ப்பை நாம் பாராட்டுகிறோம். ஐரோப்பாவின் விதியைவிடக் கடுமையான விதி இது, முதலாளிகளின் வக்கீல்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

ஆனால் அடுத்த வரியைப் படித்தபோதுதான் நமக்கு அடி விழுந்தது. முதலாளிக்கு இல்லை, சரி. சர்க்கார் வைத்துக்கொண்டால்? சர்க்கார் என்பது மக்கள். மக்கள் நியாயமற்ற ஆதாயம் அடைந்தார்கள் என்று எவரும் சொல்ல முடியாது என்று தீர்ப்பிலே எழுதியிருக்கிறது. சர்க்காருக்கு அந்த விதி பொருந்தாதாம்! செல்லாத வரி என்று தெரிந்த பிறகும் அந்தப் பணம் கஜானாவிலே இருப்பதற்கு மக்கள் பெயரையே சீட்டாகக் காட்டினால், மக்கள் எந்த வாசலிலே போய் நிற்பது?

கோயில் பணத்திலேயே இந்தக் கேள்வியை ஒரு காலத்திலே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். 1951-ம் வருஷத்து மதராஸ் அறநிலையச் சட்டத்திலே, கோயில்களும் மடங்களும் வருமானத்திலே 5 சதவிகிதம் வரையில் சர்க்காருக்குச் செலுத்த வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்து வழக்கிலே 1954-ல் சுப்ரீம் கோர்ட்டு என்ன கேட்டது? வாங்கிய பணம் எங்கே போகிறது? அந்தக் காரியத்துக்கென்று தனி நிதியிலா, பொதுக் கஜானாவிலா? பொதுக் கஜானாவிலே கலக்கிறதென்றால் அது சேவைக்கு வாங்கும் கட்டணமல்ல, வரி. அந்த வரி போட உனக்கு அதிகாரமில்லை. அதன் பிறகுதான் சட்டத்தைத் திருத்தி, 1959-ம் வருஷச் சட்டத்திலே ஒழுங்கு செய்தார்கள். அண்ணாமலையார் உண்டியல் காசு எங்கே போகிறது என்று கேட்க ஒரு வழி பிறந்தது. அந்த உண்டியலிலே காசு போட்டவன், ஓட்டலிலே வரி கட்டிய காசு எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் குற்றமா?

எங்கே போகிறது என்றால், நுகர்வோர் நல நிதிக்கு. 1991-லேயே அதற்குப் பிரிவு எழுதிவிட்டார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டிய வரிதான், ஆனால் கேட்கிற முதலாளி அதை மக்கள் தலையிலே ஏற்றிவிட்டான் என்றால், பணம் அந்த நிதியிலே சேரும். 2017-ம் வருஷத்து ஜி.எஸ்.டி. சட்டத்தின் 57-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நிதியிலிருந்து நுகர்வோர் விழிப்புணர்வுக் காரியங்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள். நல்ல காரியந்தான். ஆனால் விழுப்புரத்திலே சோப்பு வாங்கியவன் காசிலே எங்கோ ஒரு மண்டபத்திலே விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தால், கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தார்கள் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? கடைக்காரன் உடைக்கக் கூடாது என்று தடுத்தது சரி. தேங்காய்க்காரன் யார் என்று தேடினார்களா?

தேடியிருக்கிறோம் என்று சட்டப் புத்தகத்தைக் காட்டுவார்கள். உண்மையிலேயே வரியைச் சுமந்தவன், அதாவது நம் தோழர், தாமே விண்ணப்பம் போட்டுத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 54-ஆம் பிரிவிலே இடம் இருக்கிறது. பொருளையோ சேவையையோ பெற்ற நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். மகிழ்ச்சி! அதே 54-ஆம் பிரிவிலே கொஞ்சம் கீழே இறங்குங்கள். 14-ஆவது உட்பிரிவு. இப்படி விண்ணப்பித்துப் பெறும் தொகை 1,000 ரூபாய்க்குக் குறைந்தால் கொடுப்பதில்லை! முதலாளி லட்சத்திலே கேட்கிறான். அவனுக்கு இந்த வரம்பு ஒரு தூசு. மூட்டை தூக்குபவன் பத்து ரூபாயிலே கேட்கிறான். அவனுக்கு இது மலை. இந்த விகிதத்திலே 1,000 ரூபாய் வரி சேர வேண்டுமானால் 20,000 ரூபாய்க்குச் சாப்பிட வேண்டும். அப்படிச் சாப்பிடக்கூடியவன் மூட்டை தூக்குவானேன்?

இன்னொரு வாசலும் இருந்தது. வரி குறைந்தால் விலையையும் குறைக்க வேண்டும் என்று சொல்லும் 171-ஆம் பிரிவு. 2017 நவம்பர் 15-ம் தேதி ஓட்டல் சாப்பாட்டு வரியை 18-லிருந்தும் 12-லிருந்தும் 5-க்கு இறக்கினார்கள். பல ஊர்களிலே அன்றைக்கே விலைப் பட்டியலைத் திருத்தி, இட்லி விலையை ஏற்றி, பழைய பில் தொகையே வரும்படி செய்த கெட்டிக்காரர்கள் உண்டு. உள்ளீட்டு வரிக் கழிவு போய்விட்டது, அதனால் ஏற்றினோம் என்று அவர்களும் ஒரு நியாயம் சொன்னார்கள். அதிலே கொஞ்சம் உண்மையும் உண்டு. கொஞ்சந்தான். இத்தகையவர்களைப் பற்றி எவரும் புகார் செய்யலாம், ஆதாயத்தை வட்டியோடு வாடிக்கைக்காரருக்குத் திருப்ப உத்தரவிடலாம் என்று அந்தப் பிரிவின் கீழ் ஓர் அமைப்பை வைத்தார்கள். பெரிய பெரிய கம்பெனிகள் டில்லி ஹைகோர்ட்டிலே எதிர்த்தன. 2024 ஜனவரியிலே பிரிவு செல்லும் என்று தீர்ப்பு. வெற்றிதான்! அதே ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி வந்தது அறிவிப்பு: 2025 ஏப்ரல் 1 முதல் புதுப் புகார்களை வாங்குவதில்லை. 2025 செப்டம்பர் 22-ம் தேதி சோப்பு, ஷாம்பு, பற்பசை இவற்றின் வரியை 18-லிருந்து 5-க்கு இறக்கியபோது, பிரிவு புத்தகத்திலே இருந்தது. புகார்ப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு அப்போது ஆறு மாதம் ஆகவிருந்தது.

பூட்டைத் திறக்க வேண்டும். 1,000 ரூபாய் வரம்பைச் சில்லரையாக வாங்குகிறவன் விஷயத்திலே எடுத்துவிட வேண்டும். ஒரே வரியைக் கட்டிய ஆயிரம் பேர் ஒரு சங்கத்தின் வழியாக, ஒரே விண்ணப்பத்திலே, பில்களைச் சேர்த்துக் கொடுக்க இடம் வேண்டும். கேட்கத் தெரியாதவர்களா நாம்? போனஸ் என்ற சொல்லையே முதலாளி அகராதியிலே எழுதவைத்தவர்கள் நாம்தானே! ஓட்டலிலே கொடுக்கும் பில்லைக் கசக்கி எறிகிற பழக்கத்தை விட்டால் அதுவே முதல் படி.

இவ்வளவையும் தோழரிடம் ஓட்டல் வாசலிலே நின்று சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் எங்களை இரண்டு முறை இடம் மாற்றிவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப எனக்கு வராதுண்ணே."

"இப்போதைக்கு வராது" என்றோம்.

பில்லை நான்காக மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார். அங்கே ஒரு லாரி தக்காளி இறங்கவேண்டியிருந்தது.